கார் வாக்ஸ் சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

வாக்ஸ் வாங்கக் கடைக்குப் போனால் "பாலிஷா சார்?" என்றுதான் கேட்பார்கள். நம் ஊரில் ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ், வாக்ஸ் மூன்றுக்கும் ஒரே பெயர் பாலிஷ். பாதிக் குழப்பம் இங்கேயே ஆரம்பிக்கிறது. காம்பவுண்ட் பெயிண்டை அரைக்கும். பாலிஷ் அதைவிட மென்மையாக அரைத்து வழவழப்பாக்கும். வாக்ஸ் என்பது அரைக்கிற வேலைக்கு வந்ததே இல்லை. பெயிண்டின் மேல் ஒரு மெல்லிய படலமாக உட்கார்ந்து வெளிச்சத்தைச் சீராகத் திருப்பி அனுப்பும், தண்ணீரையும் அழுக்கையும் எளிதில் ஒட்டவிடாது. அவ்வளவுதான் அதன் வேலை.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான க்ளியர் கோட் சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன்கூட இல்லை. பளபளப்பு வேண்டும் என்று நினைத்துக் காம்பவுண்டை வாங்கி மாதாமாதம் தேய்த்தால், அந்த 40 மைக்ரானைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டிருப்போம். போனது திரும்பி வராது. அதனால் டப்பாவில் "ரப்பிங்", "கட்", "ஸ்க்ராட்ச் ரிமூவர்" என்று இருந்தால் அது நீங்கள் தேடிவந்த பொருள் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே இருப்பதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வண்டியில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். முதல் அறிகுறியை மட்டும் எல்லாருமே படித்துவிடுங்கள். எந்த வாக்ஸ் வாங்குவது என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது.

துடைக்கத் துடைக்க வராமல் ஒட்டிக்கொள்கிறது

வாக்ஸ் போட்டவர்களில் பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவது இதனால்தான். பூசுவது சுலபமாக இருக்கும். துடைக்கும்போது வெள்ளைத் திட்டுகள் அசையவே அசையாது. தோள்பட்டை வலிக்கும். வலித்த கோபத்தில் அழுத்தித் தேய்ப்போம், அதில் புதுக் கீறல் விழும்.

எனக்கு இது நடந்தது ஒரு மே மாதத்தில். கருநீலக் கார். காலை பத்தரை மணிக்கு, மொட்டை வெயிலில், பானெட் முழுவதும் பேஸ்ட் வாக்ஸை வெண்ணெய் தடவுவதுபோல் தடவிவிட்டு ரூஃபுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பானெட்டில் சுண்ணாம்பு அடித்த மாதிரி இறுகிப்போயிருந்தது. துணி வழுக்கிக்கொண்டு போகிறதே தவிர எதுவும் வரவில்லை. அன்று மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டியும் அந்த ஒரு பானெட்டோடுதான் இருந்தேன்.

காரணம் எளிமையானது. டப்பாவில் மெழுகு தனியாக இல்லை, கரைப்பானில் கலந்து இருக்கிறது. பூசியதும் கரைப்பான் மெல்ல ஆவியாகி, மெழுகு படலமாகத் தங்க வேண்டும். கத்திரி வெயிலில் நிற்கும் அடர்நிற பானெட் 60 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். அங்கே கரைப்பான் நொடியில் பறந்துவிடும். பரவ நேரம் கிடைக்காத மெழுகு பட்ட இடத்திலேயே இறுகிக்கொள்ளும். தடிமனாகப் பூசியிருந்தால் இன்னும் மோசம்.

இப்போது மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இப்படிச் செய்யுங்கள். முதலில் வண்டியை நிழலுக்குக் கொண்டுபோங்கள். பானெட் ஆறும்வரை தொடாதீர்கள். சூடான தகரத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் வேண்டாம். ஆறியதும், அதே வாக்ஸைக் கொஞ்சமாக எடுத்து, இறுகிய இடத்தின் மேலேயே ஒரு சாண் அகலத்துக்குப் பூசுங்கள். கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் புது வாக்ஸில் இருக்கும் கரைப்பான் பழைய காய்ந்த வாக்ஸை இளக்கிவிடும். உடனே, காயவிடாமல், சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள். அடுத்த ஒரு சாண். இப்படியே நகருங்கள். வீட்டில் டீடெய்லிங் ஸ்ப்ரே (பெயிண்டில் தெளித்து லேசான அழுக்கைத் துடைக்கும் திரவம்) இருந்தால் அதைத் தெளித்துத் துடைத்தாலும் வரும். மண்ணெண்ணெய், தின்னர் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

அடுத்த முறை இது வராமல் இருக்க மூன்று விஷயம். ஒன்று, சூடு. புறங்கையைப் பானெட்டில் வைத்துப் பாருங்கள். பத்து விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் வாக்ஸ் போடும் நேரம் இல்லை. நம் ஊரில் காலை ஆறிலிருந்து எட்டரை வரை, அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. இன்ஜின் ஓடி நின்ற சூட்டையும் கணக்கில் எடுங்கள், ஊர் சுற்றிவிட்டு வந்த வண்டியின் பானெட் நிழலிலும் சுடும். இரண்டு, அளவு. லிக்விட் வாக்ஸ் என்றால் ஒரு கதவுக்குப் பத்து ரூபாய் நாணய அளவு போதும், பானெட்டுக்கு அதில் இரண்டு மடங்கு. பூசிய பிறகு லேசான புகைமூட்டம் போலத் தெரிந்தால் சரியான அளவு. வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். மூன்று, விரல் சோதனை. பூசிய இடத்தில் ஒரு விரலால் சின்னதாக ஒரு கோடு இழுங்கள். கோடு கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் துடைக்கத் தயார். எண்ணெய்போல் இழுவினால் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். சில வாக்ஸ்களைக் காயவிடாமல் உடனே துடைக்கச் சொல்லி டப்பாவிலேயே எழுதியிருக்கும், அவற்றுக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

இனி எதை வாங்குவது என்பதைப் பார்த்துவிடலாம். பேஸ்ட் வாக்ஸின் உயிர் கார்னௌபா. பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவி பக்கத்துக் காய்ந்த நிலத்தில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு அது. வெயிலில் ஈரம் போகாமல் காத்துக்கொள்ள அந்த மரம் தன் ஓலைக்குப் பூசிக்கொள்வதைத்தான் நாம் எடுத்துக் காருக்குப் பூசுகிறோம். தேன்மெழுகு 62, 64 டிகிரியில் உருகிவிடும். கார்னௌபா 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். அடர்நிறப் பெயிண்டில் அது தரும் ஆழமான, ஈரம் சொட்டும் பளபளப்பு எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் சுத்தமான கார்னௌபா செங்கல்போல் கடினம், அதை அப்படியே யாராலும் பூச முடியாது. எண்ணெயும் கரைப்பானும் கலந்துதான் டப்பாவில் வரும். "நூறு சதவீதம் கார்னௌபா" என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். கார்னௌபா கூடக் கூடத் துடைப்பது கஷ்டமாகும் என்பதுதான் பொது விதி.

முதல் முறை வாங்குபவருக்கு, மூடிய ஷெட் இல்லாதவருக்கு, அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் ஒரு மணி நேரம் மட்டும் கிடைப்பவருக்கு நான் சொல்வது செயற்கைப் பாலிமர் லிக்விட் வாக்ஸ். மெகுயர்ஸ் அல்டிமேட் லிக்விட் வாக்ஸ் இந்த வகை. விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் மன்னிக்கும் குணம் உள்ளது. சற்று அதிகமாகப் பூசினாலும், பத்து நிமிடம் மறந்துவிட்டாலும் துடைத்தால் வந்துவிடும். அதைவிடச் சுலபம் வேண்டும் என்றால் தெளித்துத் துடைக்கும் ஸ்ப்ரே வாக்ஸ், அல்லது சிலிக்கா கலந்த செராமிக் ஸ்ப்ரே. டர்ட்டில் வாக்ஸ் உட்படப் பல நிறுவனங்கள் விற்கின்றன. சாதா ஸ்ப்ரே வாக்ஸ் சில வாரம்தான் நிற்கும். செராமிக் ஸ்ப்ரே மாதக்கணக்கில் நிற்கும், ஆனால் போட்ட அன்று மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேஸ்ட் டப்பா? நிழலும் நேரமும் பொறுமையும் இருப்பவர் தாராளமாக வாங்கலாம். அதை முதல் டப்பாவாக யாருக்கும் நான் சொல்வதில்லை.

எண்ணெய் பூசியதுபோல் கோடுகள், சாய்ந்து பார்த்தால் வானவில்

நேராகப் பார்த்தால் நன்றாக இருக்கும். பக்கவாட்டில் தெருவிளக்கு வெளிச்சம் படும்போது துணி போன பாதை எல்லாம் கோடு கோடாகத் தெரியும். கருப்பு, கருநீலம், மெரூன் வண்டிகளில் அதிகம் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கடலோர ஊர்களில் இது சகஜம். காற்றிலேயே ஈரம் இருப்பதால் வாக்ஸ் சரியாகக் காயாது. காய்ந்தது என்று நினைத்துத் துடைத்தால் துடைப்பதற்குப் பதிலாக இடம் மாற்றிக்கொண்டிருப்போம். துணி நிறைய வாக்ஸ் குடித்துவிட்டாலும் இதே கதைதான்.

அவசரப்படாமல் ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் காலை ஒரு மைக்ரோஃபைபர் துணியைத் தண்ணீரில் நனைத்து, சொட்டுக்கூட விழாத அளவுக்குப் பிழிந்து, அழுத்தாமல் ஒரு இழுப்பு. பின்னாலேயே உலர்ந்த துணியால் இன்னொரு இழுப்பு. பெரும்பாலும் போய்விடும். ஒரு துணியை நான்காக மடித்தால் இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு முகம் கிடைக்கும். ஒரு பேனலுக்கு ஒரு முகம் என்று வைத்துக்கொண்டால் துணி நிரம்பும் பிரச்சினை வராது. முழு வண்டிக்கு மூன்று துணியாவது வேண்டும். மைக்ரோஃபைபரைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் போடாதீர்கள். அதன் எச்சம் இழைகளில் தங்கி, அடுத்த முறை துணியே கோடு போடும்.

எவ்வளவு போட்டாலும் பளபளப்பே வரவில்லை

வாக்ஸைக் குறை சொல்லும் முன் ஒரு சோதனை. வண்டியைக் கழுவித் துடைத்த பிறகு, மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கைக்குள் மாட்டிக்கொண்டு, விரல் நுனியால் பானெட்டை லேசாக வருடுங்கள். பையின் மெல்லிய உறை உணர்ச்சியைக் கூட்டிக் காட்டும். வெறும் கைக்கு வழவழப்பாக இருந்த இடம் பைக்குள் இருக்கும் விரலுக்கு உப்புத்தாள் மாதிரி நெருடும், காதுக்கே ஒரு சரசரப்புக் கேட்கும். ரூஃபிலும் பானெட்டிலும் அதிகம், கதவுகளில் குறைவு. பிரேக் தூசியின் இரும்புத் துகள், கட்டுமான வேலைத் தூசி, தார், மரத்துப் பிசின் எல்லாம் பெயிண்டோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. ஷாம்புவுக்கு இவை அசையாது. அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த வாக்ஸ் போட்டாலும், சொரசொரப்பான சுவருக்கு வார்னிஷ் அடித்ததுபோல்தான்.

இதற்கு வழி க்ளே பார். களிமண் உருண்டைபோல் இருக்கும். உள்ளங்கை அளவுக்குத் தட்டி, ஷாம்புத் தண்ணீரோ அதற்கென விற்கும் ஸ்ப்ரேயோ தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் வழுக்கவிட வேண்டும். முதலில் கரகர என்று பிடிக்கும். நாலைந்து இழுப்பில் சத்தம் நின்று எண்ணெயில் வழுக்குவதுபோல் போகும். அது நின்ற கணம் அந்த இடம் முடிந்தது. க்ளேயைத் திருப்பிப் பார்த்தால் பழுப்பாக அழுக்கு ஏறியிருக்கும், மடித்துப் பிசைந்து புது முகம் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்துவிட்டால் அந்தத் துண்டைத் தூக்கிப்போட்டுவிடுங்கள். மண் ஒட்டிய க்ளே உப்புத்தாளேதான். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை செய்தால் போதும். முடித்ததும் மறக்காமல் வாக்ஸ், ஏனென்றால் க்ளே பழைய வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும்.

பை சோதனையில் வழவழப்பாகவே இருக்கிறது, ஆனாலும் மங்கல் என்றால் பெயிண்ட் வெயிலில் வெளிறியிருக்கிறது. லேசான வெளிறலுக்கு க்ளீனர் வாக்ஸ் என்று ஒன்று உண்டு. அதில் மட்டும் கொஞ்சம் அரைக்கும் பொருள் கலந்திருக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் போடக் கூடாது. வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் தேவைப்பட்டால். பழைய அம்பாசடர், பத்மினி போன்ற வண்டிகளுக்கு அந்தக் காலத்துப் பெயிண்ட் இருந்தால், துடைக்கும்போது துணியில் காரின் நிறமே ஏறும். பயப்பட வேண்டாம், அவற்றில் க்ளியர் கோட் கிடையாது, வெளிறிய மேல்தோல் வருகிறது. க்ளியர் கோட் உள்ள புது வண்டியில் துணியில் நிறம் வந்தால் மட்டும் அந்த நொடியே நிறுத்துங்கள். மேல் பூச்சு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வெள்ளை, வெள்ளி நிற வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நிறத்தில் பளபளப்பின் வித்தியாசம் கண்ணுக்குக் குறைவாகத்தான் தெரியும். அது வாக்ஸின் தோல்வி இல்லை. கையால் தடவிப் பாருங்கள், அடுத்த மழையில் தண்ணீர் எப்படி உருண்டு ஓடுகிறது என்று பாருங்கள். கார்னௌபாவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வெள்ளை வண்டிக்குத் தேவையே இல்லை, பாலிமரே போதும்.

வெயிலில் பார்த்தால் சிலந்திவலைபோல் வட்டக் கீறல்கள்

ராத்திரி மொபைல் டார்ச்சைப் பானெட்டிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சப் புள்ளியைச் சுற்றி நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள் வட்டமாகச் சுழலும். டார்ச்சை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். இவை வாக்ஸ் போட்டதால் வந்தவை இல்லை, வாக்ஸால் போகக்கூடியவையும் இல்லை. கீறலை நிரப்பும் தன்மையுள்ள வாக்ஸ் சில வாரம் மறைக்கும், கழுவக் கழுவத் திரும்பத் தெரியும். உண்மையாகப் போக வேண்டும் என்றால் நல்ல டீடெய்லிங் ஆளிடம் மெஷின் பாலிஷ் ஒரு முறை. பிறகு வாக்ஸ்.

ஆனால் எங்கிருந்து வருகின்றன என்று தெரியாவிட்டால் அடுத்த ஆறு மாதத்தில் மறுபடி அதே வலை. தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டுவதுதான் முதல் காரணம். ராத்திரி முழுக்கப் படிந்த மணல் தூசியைத் துணி இழுத்துக்கொண்டு போகிறது. காலையில் வண்டி துடைக்க வரும் அண்ணன் மேல் குற்றம் இல்லை. ஒரு வாளி, ஒரு துணியோடு பத்து வண்டிகளைத் துடைக்க வேண்டிய நிலை அவருக்கு. எங்கள் குடியிருப்பில் வருபவரிடம் நான் இரண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்து, "அண்ணா, நம்ம வண்டிக்குத் தூசி தட்ட வேண்டாம், கண்ணாடி மட்டும் துடைச்சாப் போதும், ஞாயித்துக்கிழமை நான் கழுவிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவருக்கும் வேலை மிச்சம். சம்பளத்தைக் குறைக்கவில்லை.

இரண்டாவது காரணம் பனியன் வேஸ்ட். திருப்பூர்த் துண்டுத் துணி, கிலோ கணக்கில் கிடைக்கும், மெக்கானிக் கடைக்கு அருமையான பொருள். பெயிண்டுக்கு ஆகாது. தையல் முடிச்சும் நைலான் நூலும் அதில் இருக்கும், கீறலுக்கு அதுவே போதும்.

கருப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கறை, இடுக்கில் பொடி

பம்பர் ஓரம், மிரர் அடிப்பாகம், வைப்பருக்குக் கீழே உள்ள சொரசொரப்பான கருப்புப் பிளாஸ்டிக்கில் வாக்ஸ் பட்டுக் காய்ந்தால் வெள்ளையாகத் தெரியும். ஈரத்துணியால் தேய்த்தால் போனதுபோல் இருந்து, காய்ந்ததும் திரும்ப வரும். பழைய மென்மையான டூத்பிரஷ், வெதுவெதுப்பான ஷாம்புத் தண்ணீர் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். போகாவிட்டால் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் அழியுங்கள். நம்பவில்லை என்றால் ஒரு ஓரத்தில் முயன்று பாருங்கள், நன்றாகவே வேலை செய்யும். பேட்ஜ் எழுத்துகளின் இடுக்குக்கு அதே பிரஷ், உலர்ந்த நிலையில்.

பேஸ்ட் போடும் முன் அந்த ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் இந்த வேலையே இல்லை. ஐந்து நிமிடம் பிடிக்கும், அரை மணி நேரம் மிச்சமாகும். செராமிக் ஸ்ப்ரேக்கள் பலவற்றைப் பிளாஸ்டிக் மேலும் போடலாம் என்பது அவற்றை வாங்க இன்னொரு காரணம். டப்பாவில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றே வாரத்தில் தண்ணீர் உருள்வது நின்றுவிட்டது

பேஸ்ட் கார்னௌபா நம் வெயிலில் ஒன்றரை இரண்டு மாதம் தாங்கினால் நல்ல வாக்ஸ். பாலிமர் மூன்று நான்கு மாதம். அதற்கு முன்பே போய்விட்டால் முதலில் வாளியைப் பாருங்கள். பாத்திரம் துலக்கும் ஜெல் ஊற்றிக் கழுவுகிறீர்களா? எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கவே செய்த பொருள் அது, வாக்ஸையும் ஒரு பிசுக்காகத்தான் பார்க்கும். வாட்டர் வாஷ் கடைகளில் அடிக்கும் நுரை சிலவும் அவ்வளவு காரமானவை. கார் ஷாம்பு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வாளிக்கு ஒன்றிரண்டு மூடிதான், மாதக்கணக்கில் வரும்.

இன்னொரு காரணம், பழைய வாக்ஸின் எண்ணெய் மிச்சத்தின் மேலேயே புது பாலிமர் போட்டது. பாலிமர் பெயிண்டோடு நேராக ஒட்ட வேண்டும். வகை மாற்றும் அன்று மட்டும் ஒரு முறை பாத்திர ஜெல்லால் கழுவிப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவதில் தவறில்லை.

சில சமயம் வாக்ஸ் இருக்கும், மேலே அழுக்குப் படலம் மூடியிருக்கும். நன்றாகக் கழுவியதும் தண்ணீர் மறுபடி உருண்டால் புதிதாகப் போட வேண்டாம்.

வாக்ஸ் மேலேயே வெள்ளை வளையங்கள்

போர்வெல் தண்ணீர். சென்னைப் புறநகரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, குளியலறைக் குழாயைப் பார்த்தாலே தெரியும். தண்ணீரில் இருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் துளி காய்ந்த இடத்தில் வளையமாகத் தங்கிவிடும். வாக்ஸ் போட்ட வண்டியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதால் வளையம் இன்னும் தெளிவாகவே விழும். எனவே வாக்ஸ் போட்டவர் கழுவிவிட்டு அப்படியே காயவிடவே கூடாது.

புதுக் கறை என்றால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை நனைத்து, நிழலில், அந்த இடத்தின் மேல் ஒரு நிமிடம் போட்டு வையுங்கள். எடுத்து நன்றாக அலசுங்கள். வினிகர் பட்ட இடத்தில் வாக்ஸ் போயிருக்கும், திரும்பப் பூசுங்கள். அப்படியும் வளையம் தெரிந்தால் உப்பு க்ளியர் கோட்டையே அரித்திருக்கிறது, அது பாலிஷ் வேலை. எலுமிச்சம்பழத்தை அறுத்து நேராகத் தேய்க்காதீர்கள். அமிலம் எவ்வளவு என்று தெரியாது, சாறு காய்ந்தால் அதுவே கறையாகும்.

தண்ணீர் சேமிக்க வேண்டும் என்று ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணீரில் கார் கழுவுபவர்கள் உண்டு. எண்ணம் நல்லது, ஆனால் அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். அதை வாசலுக்கு வைத்துக்கொண்டு, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துக் கடைசி அலசலுக்கு வையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த தண்ணீர் அது, உப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. நான் இரண்டு கோடையாக இப்படித்தான் செய்கிறேன். என் கருநீல வண்டியில் வளையம் விழுவது நின்றேவிட்டது.

காக்கை, புறா எச்சத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாக்ஸ் அதைத் தடுக்காது, நமக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும். வெயிலில் ஒரு பகல் விட்டால் பெயிண்டில் தடம் விழுந்துவிடும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டாமல், ஈரத்துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டு ஊறவைத்துத் தூக்கி எடுங்கள். தை, மாசியில் பூத்த மாமரத்தடியில் நிறுத்தினால் வண்டி முழுக்கப் பிசுபிசுக்கும், அது பூவின் வேலை இல்லை, தத்துப்பூச்சியின் கழிவு. வாக்ஸ் இருந்தால் ஷாம்புவுக்கே போய்விடும்.

வாக்ஸ் போட்ட பிறகு தூசி அதிகம் ஒட்டுகிறது

சரியாகத் துடைக்கவில்லை, எண்ணெய் மிச்சம் இருக்கிறது. நனைத்துப் பிழிந்த துணி, பிறகு உலர்ந்த துணி. அவ்வளவுதான். தேங்காய் எண்ணெயோ டீசலோ தடவிப் பளபளப்பாக்கும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. ஒரு நாள் மின்னும், மறுநாள் தெருத் தூசி முழுவதும் அதில் இருக்கும்.

வைப்பர் தடதடக்கிறது, கண்ணாடி மங்குகிறது

முன் கண்ணாடியில் வாக்ஸ் பட்டிருக்கிறது. ராத்திரி மழையில் எதிர் வண்டி வெளிச்சம் பரவித் தெரியும், ஆபத்து. கண்ணாடியையும் வைப்பர் ரப்பரையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். ஸ்ப்ரே வாக்ஸைப் பானெட்டில் நேராக அடிக்காமல் துணியில் அடித்துப் பூசினால் இது வராது.

போடவே கூடாத இடங்கள்

டிங்கரிங், பெயிண்டிங் முடிந்து வந்த பேனலுக்குக் குறைந்தது ஒரு மாதம் வாக்ஸ் வேண்டாம், பெயிண்டர் இரண்டு மூன்று மாதம் என்று சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். புதுப் பெயிண்டுக்குள் இருக்கும் கரைப்பான் வெளியேற வேண்டும். மேட் (பளபளப்பில்லாத) பெயிண்ட், மேட் பிபிஎஃப் (பெயிண்டின் மேல் ஒட்டும் பாதுகாப்பு ஃபிலிம்) இரண்டுக்கும் சாதா வாக்ஸ் போட்டால் திட்டுத் திட்டாகப் பளபளத்து அழகு கெடும். க்ளியர் கோட் தோல் உரிவதுபோல் உரிந்துகொண்டிருந்தால் வாக்ஸ் உரியும் விளிம்பை வெள்ளையாக எடுத்துக் காட்டும். அதற்குப் பெயிண்டிங்தான் வழி, அந்தப் பணத்தை டப்பாக்களில் செலவழிக்காதீர்கள். மஞ்சளான ஹெட்லைட்டுக்கும் வாக்ஸ் மருந்தில்லை. அதைத் தேய்த்துத் தெளிவாக்கிய பிறகு பாதுகாப்புக்கு ஒரு பூச்சு போடலாம்.

டப்பாவிலேயே கெட்டுவிட்டதா?

லிக்விட் வாக்ஸ் தண்ணீரும் கெட்டியுமாகப் பிரிந்திருந்தால் ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். சேர்ந்துவிட்டால் பயன்படுத்தலாம். குலுக்கியும் தயிர் திரிந்ததுபோல் கட்டி கட்டியாக இருந்தால் வேண்டாம். பேஸ்ட் சுருங்கி, வெடித்து, டப்பாச் சுவரை விட்டு விலகியிருந்தால் கரைப்பான் பறந்துவிட்டது. பஞ்சை லேசாக ஈரப்படுத்தி எடுத்துப் பாருங்கள், ஒரே சீராகப் பரவினால் இன்னும் ஓடும், பொடியாக உதிர்ந்தால் அது பெயிண்டுக்குப் போகக் கூடாது. பெரும்பாலும் இப்படி ஆவது டிக்கியில் வைத்திருந்த டப்பாதான். வீட்டுக்குள், அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்த என் பேஸ்ட் டப்பா நான்காவது வருடமும் வெண்ணெய் மாதிரியே இருக்கிறது.